தங்கச்சியின் சனிக்கிழமைகள்

எனக்குப் பொறாமை உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் தங்கச்சியின் தீபாவளிச் சட்டையில் என்னுடையதைவிட இரண்டு பொத்தான் கூட இருந்ததற்காக ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தவள் நான். அதெல்லாம் சில்லறைப் பொறாமை. பெரிய பொறாமை வந்தது அவள் சிங்கப்பூருக்குப் போன பிறகு. அதுவும் சனிக்கிழமைகளில்தான் வந்தது.

அவளுடைய கணவருக்கு அங்கே கணினி வேலை. பிள்ளைகள் இரண்டு, மூத்ததுக்குப் பத்து வயது, இளையதுக்கு ஏழு. கிழமை நாட்களில் அவளிடமிருந்து ஒரு சத்தமும் வராது. சனிக்கிழமை காலை ஏழு மணியானால் என் போன் அடிக்கும். அங்கே அப்போது ஒன்பதரை. எடுத்தால் முதலில் அவள் முகம் தெரியாது, கடல்தான் தெரியும். கரையோரமாகச் சைக்கிளுக்கென்றே போட்ட பாதை, இரண்டு பக்கமும் மரங்கள், முன்னால் பிள்ளைகள் வாடகைச் சைக்கிளில் போய்க்கொண்டிருப்பார்கள். தூரத்தில் கப்பல்கள் வரிசையாக நங்கூரம் போட்டு நிற்கும். "அக்கா, கப்பலைப் பாருங்கோ, போன கிழமையை விடக் கூட நிக்குது" என்பாள். இவளுக்குக் கப்பல் எண்ண நேரம் இருக்கிறதே என்று எனக்கு வயிறு எரியும்.

அடுத்தது சாப்பாடு. கடைகள் நிறைந்த ஒரு பெரிய திறந்த மண்டபத்தில் ஆளுக்கொரு கடை, ஆளுக்கொரு கோப்பை. பிள்ளைகளுக்கு நூடில்ஸ், அவள் கணவர் மச்சானுக்கு ரொட்டி, அவளுக்குத் தேங்காய்ப்பால் ஜாம் பூசிய பாணும் கோப்பியும். சமைக்கவும் தேவையில்லை, கழுவவும் தேவையில்லை. மத்தியானம் அவர்களுடைய மாடிவீட்டுக்குக் கீழே உள்ள நீச்சல் குளம். அங்கேதான் எனக்கு உயிர் போகும். நாங்கள் இரண்டு பேரும் கடலுக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்கள். கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் அம்மா தடியோடு வருவார். கடலுக்குப் போகிற வீடுகளிலேயே பெண்பிள்ளைகளுக்கு நீந்தத் தெரியாது. இவள் முப்பத்தெட்டு வயதில் நீந்தப் பழகி, கறுப்புக் கண்ணாடியைத் தலைமயிரில் ஏற்றிவிட்டுக்கொண்டு, ஈரக் கையால் எனக்குக் கை காட்டுகிறாள்! ஞாயிற்றுக்கிழமை கோயில், வாழையிலைச் சாப்பாடு, பின்னேரம் படகேறிப் பக்கத்துத் தீவு. ஞாயிறுக்கும் படம் வரும்.

இதையெல்லாம் நான் எங்கே நின்று பார்ப்பேன்? யாழ்ப்பாணத்தில், நல்லூரில் ஒரு ரியூசன் வகுப்பு வாசலில், மதிலோடு ஒட்டி நின்று பார்ப்பேன். என் மகளுக்கு அந்த வருடம் பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சை. சனிக்கிழமை காலை ஆறரைக்குக் கணிதம், ஒன்பதுக்கு விஞ்ஞானம், ஒரு மணிக்கு ஆங்கிலம், மூன்றரைக்கு வரலாறு. ஞாயிறு முழுக்கப் பரீட்சைத்தாள் வகுப்பு. ஸ்கூட்டியில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, அரியாலையில் இருக்கிற வீட்டுக்குத் திரும்பி ஓடிவந்து, கிழமை முழுக்கச் சேர்ந்த உடுப்பைத் தோய்த்து, சமைத்து, சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு மறுபடி ஓட வேண்டும். கணவர் படகு எஞ்சின் திருத்துகிறவர். பக்கத்தில் கொழும்புத்துறை இறங்குதுறையில் சனிக்கிழமைதான் அவருக்கு வேலை கூட. நான் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞர். மெய்யாகச் சொல்கிறேன், திங்கட்கிழமை கந்தோரில் போய் இருந்த பிறகுதான் எனக்கு இளைப்பாறக் கிடைக்கும்.

தங்கச்சி அழைக்கும்போது ரியூசன் வாசல் தெரியாமல் போனை முகத்துக்குக் கிட்டப் பிடித்துக்கொள்வேன். "என்னக்கா, மூக்கு மட்டும்தான் தெரியுது" என்று சிரிப்பாள். அவளுடைய மூக்குக்கு என்ன, பின்னால் சமுத்திரம் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாங்கள் இருந்த வீடு அவளுடையது. எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குப் போகும். அப்பா இரண்டு வீடு கட்டினார், ஒன்று எனக்குச் சீதனம், மற்றது அவளுக்கு. யுத்த காலத்தில் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது என்னுடையதற்குக் கூரை இல்லை. சுவர்கள் மட்டும் நின்றன, குசினிக்குள் ஒரு வேப்பமரம் என் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. அதைத் திரும்பக் கட்டுகிற வசதி எங்களுக்கு வரவே இல்லை. அவளுடைய வீடு தப்பியது. அவள் கலியாணம் முடித்து வெளிக்கிட்ட நேரம், "அக்கா, பூட்டிக் கிடந்தால் கறையான் தின்னும். நீங்களே இருங்கோ" என்றாள். பதினொரு வருடம் இருந்தோம். முற்றத்தில் ஒரு கறுத்தக்கொழும்பான் மாங்கன்று வைத்தேன். அது வளர்ந்து காய்க்கத் தொடங்கியது. அது யாருடைய வீடு என்பது எனக்கு வருடத்தில் ஒரு நாள், வரி கட்டப் போகும்போது மட்டும் ஞாபகம் வரும்.

பொய் எப்படித் தொடங்கியதென்றால், ஒரு சனிக்கிழமை அவள் கப்பல் எல்லாம் காட்டி முடித்துவிட்டு, "சரி அக்கா, இண்டைக்கு உங்கடை பிளான் என்ன?" என்று கேட்டாள். பிளானாம்! தோய்க்கிற உடுப்பு ஒரு வாளி, தேங்காய் திருவவேண்டும், மகளுக்குப் பேனை முடிந்துவிட்டது. என் வாய் சும்மா இருக்கவில்லை.

"நாங்களும் கடற்கரைக்குத்தான் வெளிக்கிடுறம். எல்லாரும் சேந்து" என்றேன்.

"ஐ! அப்ப படம் அனுப்புங்கோ!"

அனுப்பாவிட்டால் மானம் போய்விடும். அன்று பின்னேரம் வரலாறு வகுப்பு முடிந்து வந்த பிள்ளையை வீட்டுக்கு விடாமல் நேரே கொழும்புத்துறைக்குக் கொண்டுபோனேன். இறங்குதுறையில் கணவர் ஒரு எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டு நின்றார். கையெல்லாம் கிறீஸ். "கையைப் பின்னாலை கட்டிக்கொண்டு நில்லுங்கோ, சிரியுங்கோ" என்றேன். "இஞ்சேரும், உமக்கு என்ன விசரே?" என்றார். ஆனாலும் நின்றார். பொழுதுபடுகிற நேரம், பின்னால் கடல் செக்கச்சிவந்திருந்தது. பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. தங்கச்சி இருதயக் குறிகளாக அனுப்பித் தள்ளினாள். "எவ்வளவு வடிவு! இஞ்சை உப்பிடி வானம் இல்லை அக்கா" என்று எழுதியிருந்தாள். அன்று இரண்டு வாய் சோறு கூடுதலாகச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு விடவில்லை. ஒவ்வொரு கிழமையும் அவளுக்கு ஒரு படம் போக வேண்டும், அவள் படத்தைவிட ஒரு பிடி மேலாக இருக்க வேண்டும். மாமரத்துக்குக் கீழே சாப்பாட்டு மேசையை இழுத்துப் போட்டேன். கந்தோர்ச் சிநேகிதியிடம் பூப்போட்ட மேசைவிரிப்பு ஒன்று இரவல் வாங்கினேன். பிறகு அதே மாதிரி நானே ஒன்று வாங்கினேன். கண்ணாடிக் குவளைகளில் நெல்லி கிரஷ், தட்டில் ரோல்ஸ், நடுவில் செவ்வரத்தம் பூ. மூன்று பேரும் உட்கார்ந்து சிரிப்போம். படம் எடுத்ததும் மகள் ரோல்சை வாய்க்குள் திணித்துக்கொண்டு புத்தகத்துக்குத் திரும்பிவிடுவாள். கணவர் கழற்றிவைத்த எண்ணெய் படிந்த வேலைச் சேட்டைத் திரும்பப் போட்டுக்கொண்டு வெளிக்கிடுவார்.

எல்லாச் சனிக்கிழமையும் இப்படி நாடகம் போட எங்களுக்கு எங்கே நேரம்? ரியூசன் மாஸ்டருக்குச் சுகமில்லாமல் வகுப்பு நின்ற ஒரு நாளில் நான்கு கிழமைக்கான படங்களை ஒன்றாக எடுத்தேன். உடுப்பு மாற்றி, மேசையைத் திருப்பிப் போட்டு, பூவை மாற்றி. மகள் அறைக்குள்ளிருந்து தலையை நீட்டிக் கேட்டாள்: "அம்மா, இந்தச் சட்டை எந்தச் சனிக்கிழமைக்கு?"

"வாயைப் பொத்திக்கொண்டு போடு" என்றேன். பதினாறு வயதுக்குள் என்ன வாய்!

நாலாவது படத்துக்கு நண்டு. கொழும்புத்துறையில் வாங்கிய நீலக்கால் நண்டு, பெரிதாக எட்டு. தூள் தூக்கலாய்ப் போட்டு, முருங்கையிலை போட்டு வைத்த கறியை மண்சட்டியோடே மேசையில் வைத்தோம். மூன்று பேரும் கையில் ஆளுக்கொரு நண்டுக்காலோடு சிரிக்கிறோம். அவளுக்கு அங்கே இந்த ருசியில் நண்டு கிடைக்காது என்று எனக்குத் தெரியும். அதனாலேதான் வைத்தேன். ஓம், அவ்வளவு கெட்ட மனம் எனக்கு.

அந்த நண்டுதான் என் குடியைக் கெடுத்தது. நல்லூர் முருகன் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறினால் தீர்த்தம் முடியும்வரை எங்கள் வீடுகளில் மச்சம் இல்லை. மீன் இறைச்சி மட்டுமில்லை, முட்டைகூடப் படி ஏறாது. வீடு வாசல் கழுவி, மச்சச் சட்டிகளைத் தனியாகக் கட்டி வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கத்தில் வைத்துவிடுவோம். அந்த வருடமும் வைத்தேன். விடிய எழும்பிக் குளித்து, ஈரத் தலையோடு கோயிலுக்குப் போய், அங்கிருந்து நேரே பிள்ளையை ரியூசனில் விடுவேன். அப்படி ஒரு சனிக்கிழமை, நெற்றி நிறையத் திருநீற்றோடு, மதில் ஓரத்தில் நின்று, கிழமைப் படத்தை அவசரமாகத் தேடி அனுப்பிவிட்டேன். எதை அனுப்பினேன் என்று பார்க்கவில்லை.

இரண்டு நிமிடத்தில் போன் அடித்தது. அவளுடைய முகம், பின்னால் கடல் இல்லை, அவசரத்தில் அதைக் காட்ட மறந்துவிட்டாள்.

"அக்கா! கொடியேறியிட்டுதெல்லே? நண்டோ?"

அது பழைய படம் என்று சொல்லலாம். சொன்னால், மற்றப் படங்கள் எந்த நாளில் எடுத்தவை என்று கேட்பாள். கேட்டால் மேசைவிரிப்பு, ரோல்ஸ், கிறீஸ் கை எல்லாம் ஒவ்வொன்றாக அவிழும். அவளுக்கு முன்னால் அவிழ்வதைவிடப் பாவத்தை ஏற்பது எனக்குச் சுகமாக இருந்தது. சட்டென்று கையால் நெற்றித் திருநீற்றை மறைத்துக்கொண்டு, வெயிலுக்குக் கண் கூசுகிறவள் மாதிரி நின்றேன்.

"இப்ப ஆரடி உதெல்லாம் பாக்கினம்? பிள்ளை ஆசைப்பட்டாள், வச்சம்" என்றேன். கோயில் மணி பின்னால் அடித்துக்கொண்டிருந்தது. என்ரை முருகா, அந்த ஒரு வசனத்துக்கு நான் எத்தனை நாள் உன் வீதியில் விழுந்து கும்பிட்டு அடி அழித்தேன் என்று உனக்குத்தான் தெரியும்.

தங்கச்சி மற்றப் பக்கம் திரும்பி அதை மச்சானிடம் சொன்னாள். பிறகு மச்சானின் குரல் கேட்டது. "மெய்யே? அக்கா வீட்டிலையே? திருவிழாவுக்கையோ?" அவர் முகத்தையும் போனுக்குள் கொண்டுவந்தார். அவருக்கு ஒரு பழைய காயம் உண்டு. பள்ளிக்கூடக் காலத்தில் திருவிழா நேரம் கடையில் முட்டை ரோல்ஸ் சாப்பிட்டதை யாரோ தகப்பனுக்குச் சொல்லிவிட்டார்கள். திருவிழா முடியும்வரை அவரை வீட்டுக்குள் விடவில்லை, விறாந்தையில்தான் சாப்பாடும் படுக்கையும். யாழ்ப்பாணத்தில் இனி இருக்கமாட்டேன் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது அந்த ரோல்சுக்காக. இப்போது படத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். "அப்ப ஊர் நல்லாய் மாறியிட்டுது!" என்றார். நான் ஓமென்று தலையாட்டினேன். மடைச்சி.

திருவிழா முடிந்து இரண்டு கிழமை கழித்து அவள் அழைத்தாள். அன்று புதன்கிழமை. புதன்கிழமை அவள் அழைத்ததே இல்லை.

"அக்கா, ஒரு நல்ல செய்தி. நாங்கள் வந்து ஊரோடை இருக்கப் போறம். இவருக்கு இனி எங்கையிருந்தும் வேலை செய்யலாமாம். உங்கடை சனி ஞாயிறுகளைப் பாத்துப் பாத்து எனக்கு எவ்வளவு நாளாய் ஆசை தெரியுமோ? இவர்தான் மாட்டனெண்டு நிண்டவர். அந்த நண்டுப் படத்தோடை ஆள் மாறியிட்டார்."

"எங்கை இருக்கப்போறியள்?" என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரியும்.

"வேறை எங்கை அக்கா, வீட்டிலைதான். நீங்களும் இருங்கோ, எல்லாரும் சேந்து இருப்பம்."

வீட்டில் அறைகள் மூன்று. ஒன்றில் மச்சான் கணினியோடு இருப்பார், மற்றது பிள்ளைகளுக்கு, மற்றது அவர்களுக்கு. அவளுக்கும் கணக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இருங்கோ என்று அவள் சொல்ல வேண்டும், வேண்டாம் என்று நான் சொல்ல வேண்டும். "சேச்சே, அது உன்ரை வீடு. நாங்கள் இடம் பாப்பம்" என்றேன். போனை வைத்துவிட்டு முற்றத்துக்கு வந்தேன். மாமரத்தில் ஒரு கிளையில் மட்டும் புதுத் தளிர் விட்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தில் வாளியை எட்டி உதைத்தேன். கால் வீங்கியதுதான் மிச்சம்.

கணவர் ஒன்றும் திட்டவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, "நீர் அனுப்பின படத்தைப் பாத்துத்தான் அவை வருகினம்" என்றார். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது: உண்மையைக் காட்டுவது. அடுத்த சனிக்கிழமை அவள் அழைக்க முதல் நானே அழைத்தேன். போனை முகத்திலிருந்து நன்றாகத் தள்ளிப் பிடித்தேன். ரியூசன் வாசல், சரிந்து கிடக்கிற சைக்கிள்கள், குடைக்குள் நிற்கிற தாய்மார், அவர்கள் கையிலிருந்த சாப்பாட்டுப் பைகள், எல்லாவற்றையும் காட்டினேன். "இதுதான் என்ரை சனிக்கிழமை. விடிய ஆறரையிலை இருந்து இஞ்சைதான். நாளைக்கும் இஞ்சைதான். வீட்டுக் கிணத்துத் தண்ணியும் இப்ப உவர் பத்தியிட்டுது. பின்னேரமானால் நுளம்பு கடிச்சுத் தூக்கிக்கொண்டு போகும். உன்ரை பிள்ளையளும் வந்தால் இந்த வாசல்தான், சொல்லிப்போட்டன்" என்றேன். மூச்சு விடாமல் சொன்னேன். மேசைவிரிப்பைப் பற்றியும் சொல்ல வாய் எடுத்தேன்.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கப்பல் காட்டவில்லை. பிறகு மெல்லக் கேட்டாள்:

"அக்கா, எங்களை வரவேண்டாமெண்டு சொல்லுறியளோ?"

பதினொரு வருடத்தில் அவள் என்னிடம் வாடகை என்று ஒரு சொல் கேட்டதில்லை. கூரை ஓடு மாற்ற வேண்டுமென்றால் "உங்களுக்குச் சரியெண்டால் சரி அக்கா" என்பாள். அந்த வீட்டை அவளுடைய வீடென்று அவள் சொல்லி நான் கேட்டதேயில்லை. இப்போது நான் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் நான் அதைச் சொன்ன காரணத்தை அவள் ஒரே கேள்வியில் கண்டுபிடித்துவிட்டாள்.

"ஐயோ, இல்லையடி பிள்ளை. வா. வாங்கோ எல்லாரும்" என்றேன்.

அவர்கள் வந்தார்கள். மகளின் பரீட்சை முடிந்த கையோடு நாங்கள் கொழும்புத்துறையில் ஒரு வாடகை வீட்டுக்கு மாறினோம், இரண்டு அறை, முற்றம் என்று சொல்ல ஒரு பாய் விரிக்கிற இடம். சாமான் ஏற்றுகிற அன்று அந்த மேசையை லொறியில் ஏற்ற முடியவில்லை. புது வீட்டு வாசலுக்குள் அது போகாது. "கிடக்கட்டும் அக்கா, நான் பாத்துக்கொள்ளுறன்" என்றாள் தங்கச்சி. மேசைவிரிப்பையும் அதன் மேலேயே விட்டுவிட்டு வந்தேன். எடுத்துக்கொண்டு போய் எதன் மேல் விரிக்கிறது?

ஒரு சனிக்கிழமை காலை அவள் அழைத்தாள். "அக்கா, ஒருக்கால் வந்திட்டுப் போங்கோ, கெதியா." போனேன். கேற்றைத் திறந்ததும் தெரிந்தது. மாமரத்துக்குக் கீழே என் மேசை, என் விரிப்பு, கண்ணாடிக் குவளைகளில் நெல்லி கிரஷ். அந்த வருடத்து முதல் காய் பழுத்திருந்தது, தட்டில் கறுத்தக்கொழும்பான் வெட்டி வைத்திருந்தாள். பிள்ளைகள் முகமெல்லாம் மாம்பழச் சாறு. மச்சான் சாரத்தைக் கட்டிக்கொண்டு கதிரையில் காலை மடித்து உட்கார்ந்திருந்தார். யாரும் அவரை விறாந்தைக்கு அனுப்பப் போவதில்லை.

"சிங்கப்பூர்ச் சிநேகிதியளுக்கு அனுப்பவேணும். கேட்டுக்கொண்டே இருக்கினம். நீங்கள்தான் அக்கா நல்லாய் எடுப்பியள்" என்று போனை என் கையில் தந்துவிட்டு ஓடிப்போய்ப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள்.

போனை உயர்த்தினேன். நான் எத்தனையோ தடவை எடுத்த படம் அது. எங்கே நின்றால் கிணற்றடி தெரியாது, எங்கே நின்றால் மதிலின் வெடிப்பு மறையும் என்று என் கால்களுக்கே தெரியும். அந்த இடத்தில் போய் நின்றேன்.

"அக்கா, கொஞ்சம் அங்காலை தள்ளி நில்லுங்கோ. உங்கடை நிழல் மேசையிலை விழுது."

தள்ளி நின்றேன். சிரியுங்கோ என்று நான் சொல்ல முன்னமே அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே தடவைதான் எடுத்தேன், திருப்பி எடுக்கத் தேவைப்படவில்லை. அந்த மாமரத்துக்குக் கீழே நான் எடுத்த படங்களிலே அதுதான் நல்ல படம்.